எந்த எண்ணை நம்புவது?

8 ஜிபி ராம் உள்ள, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஓர் இன்டெல் லேப்டாப். அதில் லினக்ஸ் ஓடுகிறது. வீடியோ திக்கித் திணறுகிறது. விளையாட்டைத் திறந்தால் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று மூடிக்கொள்கிறது. எவ்வளவுதான் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் 64 எம்பி. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால் கிராபிக்ஸ் சிப்புக்கு நேரே 256 எம்பி. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவைக் கேட்டால் கிட்டத்தட்ட மொத்த ராமையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது: 7,800 எம்பி சொச்சம். ஒரே சிப், மூன்று பதில். வேடிக்கை என்னவென்றால் மூன்றும் உண்மை.

தனி கார்டு வாங்கினால் அதன் பலகையிலேயே அதற்கென்று நினைவகம் பொருத்தப்பட்டிருக்கும். 4 ஜிபி என்றால் 4 ஜிபி, விவாதமே இல்லை. சிபியுவுக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதியும் சேர்ந்து வரும் கணினிகளில் அப்படி எதுவும் கிடையாது. பிரவுசர் பயன்படுத்தும் அதே ராமைத்தான் திரையும் பயன்படுத்துகிறது. ஆகவே ‘வீடியோ மெமரி எவ்வளவு’ என்ற கேள்விக்கு, ‘எப்போது, யார் கேட்கிறார்கள்’ என்று திருப்பிக் கேட்பதுதான் முறையான பதில்.

செலவைக் குறைக்க அண்மையில் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வீட்டுக் கணினி பிறந்தபோதே இந்தப் பகிர்வும் பிறந்துவிட்டது. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் திரைக்கென்று தனி நினைவகம் இல்லை. அதன் 6502 பிராசசர் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் பாதி நேரம்தான் நினைவகத்தைத் தொடும். மறுபாதியில் அதன் பாதை சும்மா கிடக்கும். அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் அந்தச் சும்மா கிடக்கும் பாதியைத் திரைக்குக் கொடுத்தார். பிராசசருக்கு ஒரு நொடியும் நஷ்டமில்லை. அதோடு நிற்கவில்லை. டைனமிக் ராம் என்பது அடிக்கடி படித்துக்கொண்டே இருந்தால்தான் உள்ளே இருப்பதை மறக்காமல் வைத்திருக்கும் வகை. அதற்கென்று வழக்கமாகத் தனிச் சுற்று வைப்பார்கள். திரைக்காகத்தான் எப்படியும் ஓயாமல் படிக்கிறோமே, அந்தப் படிப்பே புத்துயிரூட்டலாகவும் இருக்கட்டும் என்று முகவரிகளை வரிசை மாற்றி அமைத்து, அந்தச் சுற்றையும் மிச்சப்படுத்தினார். இதன் விலையாக, திரையின் அடுத்தடுத்த வரிகள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்காது. அந்தக் கணினிக்கு நிரல் எழுதியவர்கள் இதற்காக அவரைச் சபித்திருக்கவும் கூடும். ஐந்தாண்டு கழித்து வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி இவ்வளவு நாசூக்கு பார்க்கவில்லை. திரைக்குத் தேவைப்படும்போது பிராசசரின் கடிகாரத்தையே கொஞ்சம் நிறுத்திவைத்தது.

இடம் எவ்வளவு தேவை என்பது வெறும் பெருக்கல். 1920க்கு 1080 பிக்சல் திரை, ஒரு பிக்சலுக்கு 4 பைட்: 82,94,400 பைட். 8 எம்பிகூட இல்லை. 4கே திரைக்கு 3,31,77,600 பைட், அதாவது 32 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, வெறுமனே திரையில் படம் தெரிய 64 எம்பி தாராளம். மீதி நினைவகம் எதற்கு என்றால், ஒவ்வொரு ஜன்னலும் தன் படத்தைத் தனியாக வைத்திருக்கிறது. பிரவுசர் பக்கத்தைத் துண்டு துண்டாக வரைந்து சேமிக்கிறது. வீடியோவின் முந்தைய பிரேம்கள் காத்திருக்கின்றன. விளையாட்டு என்றால் சுவரின் கல், புல்லின் பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு படமாக உள்ளே வந்து உட்காருகிறது. இவற்றையெல்லாம் பயாஸ் ஒதுக்கிய 64 எம்பிக்குள் அடைக்க யாரும் முயல்வதில்லை. அந்த ஒதுக்கீடு கணினி விழிக்கும் கணத்துக்கானது: லினக்ஸின் மையமான கர்னல் இன்னும் வரவில்லை, நினைவகத்தைப் பங்கிட ஆள் இல்லை, ஆனால் திரையில் லோகோ தெரிய வேண்டும். அதற்காகப் பயாஸ் ராமின் ஒரு மூலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘அது ராமே இல்லை’ என்று கர்னலிடம் சொல்லிவிடுகிறது. இன்டெல் இதற்கு வைத்த பெயர் ‘ஸ்டோலன் மெமரி’. 8 ஜிபி வாங்கியும் கணினி 7.7 என்று காட்டுவதற்கு ஒரு காரணம் இது.

மீதித் தேவையெல்லாம் ஓர் அட்டவணை வழியாக நடக்கிறது. கர்னல் ராமை 4 கேபி பக்கங்களாகத்தான் புழங்குகிறது. கிராபிக்ஸ் சிப் 8 எம்பி கேட்டால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சுமார் 2,000 பக்கங்களைப் பொறுக்கிக் கொடுக்கும். சிப்புக்கோ முகவரிகள் தொடர்ச்சியாக இருந்தால்தான் வேலை ஓடும். கல்யாண வீட்டார் விருந்தினருக்கு 1 முதல் 40 வரை அறை எண் கொடுத்துவிட்டு, அந்த அறைகளை ஊரில் உள்ள ஆறு லாட்ஜ்களில் பிடித்து வைத்திருப்பது போலத்தான் இது: எண் வரிசையாக இருக்கும், எந்த எண் எந்த லாட்ஜ் என்பது பட்டியல் வைத்திருப்பவருக்குத் தெரியும். சிப்பிடம் இருக்கும் அந்தப் பட்டியலுக்குச் சுருக்கமாக ஜிடிடி என்று பெயர்.

எல்எஸ்பிசிஐ காட்டிய 256 எம்பியின் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. சிப்பின் இந்த முகவரிகளை சிபியு எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதன் அகலம் 256 எம்பி. அது நினைவகத்தின் அளவே இல்லை. 256 எம்பி கிராபிக்ஸ் என்று விளம்பரம் எழுதிப் பழைய லேப்டாப்பை விற்பவர்கள் ஒருவேளை இந்த ஜன்னலைத்தான் விற்கிறார்களோ என்னவோ.

ஒரு காலத்தில் ஒதுக்கிய எண் உண்மையிலேயே கழுத்தைப் பிடித்தது. 2002இல் வந்த இன்டெல் 845ஜி சிப்செட் நல்ல உதாரணம். அந்தப் பலகைகள் சிலவற்றின் பயாஸ் கிராபிக்ஸுக்கு 1 எம்பிதான் ஒதுக்கும். கூட்டுவதற்கு வழியும் இருக்காது. லினக்ஸ் கர்னல் எழும்போது ‘892கே ஸ்டோலன் மெமரி’ கண்டதாக ஒரு வரி எழுதும். ஏன் 892? 1,024 கேபியில் 128 கேபி அந்த ஜிடிடி அட்டவணைக்குப் போகிறது, இன்னொரு 4 கேபி தனியே கழிகிறது, மீதி 892. இங்கேதான் முரண். அந்த 128 கேபி அட்டவணையில் ஒரு பதிவுக்கு 4 பைட் வீதம் 32,768 பதிவுகள். ஒவ்வொன்றும் 4 கேபி பக்கம் ஒன்றைச் சுட்டும். அதாவது 128 எம்பியை எட்டிப் பிடிக்கும் வல்லமை கொண்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஒரு எம்பிகூட இல்லை என்று அந்தக் கணினி கைவிரித்தது.

892 கேபி என்றால் 9,13,408 பைட். 1024க்கு 768 திரையை 256 நிறங்களில் காட்ட 7,86,432 பைட் போதும், அது நுழைந்துவிடும். 800க்கு 600 திரையில் 65,536 நிறங்கள் வேண்டுமென்றால் 9,60,000 பைட், நுழையாது. எனவே புத்தம் புதிய கணினியில் லினக்ஸ் போட்டவர்களுக்கு, மங்கிப்போன 256 நிறங்கள் அல்லது பூதாகரமான எழுத்துகள், இரண்டில் ஒன்று என்ற நிலை. அன்று லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொண்ட எக்ஸ்ஃப்ரீ86 மென்பொருளின் டிரைவர் கர்னலிடம் கேட்டுக் கூடுதல் பக்கங்களை வாங்கி அட்டவணையில் சேர்க்கத் தெரிந்ததுதான். ஆனால் திரையின் அளவை மாற்ற அது வீடியோ பயாஸைக் கெஞ்ச வேண்டியிருந்தது. பயாஸோ பூட் ஆனபோது பார்த்த 892 கேபியையே கணக்கில் வைத்துக்கொண்டு, ‘அவ்வளவு இடம் கிடையாது’ என்று மறுத்துவிடும்.

டிரைவர் எழுதியவர்கள் கண்ட தீர்வு ரசிக்கத் தக்கது. பயாஸ் தன் நினைவக அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தில் வேறு எண்ணை எழுதிவிட்டார்கள். ‘இத்தனை கேபி இருப்பதாகப் பயாஸிடம் சொல்ல முயல்கிறேன்’ என்று டிரைவர் தன் பதிவேட்டில் நேர்மையாக எழுதிவிட்டே இந்த வேலையைச் செய்தது. பயாஸும் நம்பியது, திரை முழு நிறத்தில் விரிந்தது. பின்னால் அகலத்திரை லேப்டாப்கள் வந்தபோது இதன் தம்பி ஒன்று கிளம்பியது. 1280க்கு 800 என்ற அளவே பல பயாஸ்களின் பட்டியலில் இல்லை. 915ரெசொல்யூஷன் என்ற சிறு நிரல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும், ராமில் இருக்கும் பயாஸ் நகலில், யாருக்கும் வேண்டாத ஓர் அளவை அழித்துவிட்டு அங்கே 1280க்கு 800 என்று எழுதும். அணைத்தால் போய்விடும், மறுநாள் மறுபடி எழுத வேண்டும்.

இந்தச் சில்லறை ஏமாற்று வேலைகளுக்கு முடிவு கட்டியவை இரண்டு மாற்றங்கள். இன்டெல்லில் இருந்த கீத் பேக்கர்டும் எரிக் ஆன்ஹோல்டும் உருவாக்கிய ஜெம் என்ற நினைவக மேலாண்மை 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கர்னலில் சேர்ந்தது. கிராபிக்ஸுக்கான நினைவகத்தை சாதாரண ராம் பக்கங்களைப் போலவே கேட்டு வாங்கி, தேவையற்றபோது திருப்பிக் கொடுக்க அது வழி செய்தது. திரை அளவைப் பயாஸ் உதவியின்றிக் கர்னலே நிர்ணயிக்கும் ஏற்பாடு அடுத்த பதிப்பான 2.6.29இல், 2009 மார்ச்சில் வந்தது. அதற்குப் பிறகு இன்டெல் கணினிகளில் பயாஸ் காட்டும் எண் பெருமளவு அலங்காரம்தான்.

பெருமளவு என்றுதான் சொன்னேன். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திரை ஒரு நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. 82,94,400 பைட்டை 60ஆல் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி பைட். நீங்கள் ஒன்றும் செய்யாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்தப் படிப்பு நடந்தபடியே இருக்கும், பேட்டரியும் கரையும். அதனால் சிப் திரைச் சித்திரத்தைச் சுருக்கி ஒரு நகல் வைத்துக்கொண்டு, மாற்றம் இல்லாதவரை அந்தச் சின்ன நகலையே படிக்கும். இந்த நகலைச் சிதறிய பக்கங்களில் வைக்க முடியாது. தொடர்ச்சியான இடம் வேண்டும். அதற்குப் பயாஸ் ஒதுக்கிய மூலைதான் கதி. அங்கே இடம் போதாவிட்டால் இன்டெல்லின் ஐ915 டிரைவர், இந்த வசதியை நிறுத்துவதாக அறிவித்து, பயாஸில் ஒதுக்கீட்டைக் கூட்டிப் பாருங்கள் என்று குறிப்பும் கொடுக்கும். அந்த வரியைக் கண்டால் கூட்டுங்கள். காணாவிட்டால் கையை வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். ஒதுக்கிய ராம் கர்னலுக்குத் திரும்பி வராது. 4 ஜிபி கணினியில் ஆசைப்பட்டு 1 ஜிபியைப் பிரித்துக் கொடுத்தால், பிரவுசர் 3 ஜிபியில் மூச்சுத் திணறும்.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது? எண்ணை அல்ல, பெயரை. ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவில் ரெண்டரர் என்ற வரியில் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்பின் பெயர் இருக்க வேண்டும். ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருந்தால் கிராபிக்ஸ் சிப் வேலைக்கே வரவில்லை. அதன் பங்கையும் சிபியு தலையில் சுமந்துகொண்டிருக்கிறது. இதில் ஒரு குறும்பு: எல்எல்விஎம்பைப் தன் வீடியோ மெமரி என்று மொத்த ராமையும் காட்டும். எண் ராஜகம்பீரமாக இருக்கும், படம் மட்டும் நத்தையாக ஊரும். இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம், லினக்ஸ் நிறுவும்போது கறுப்புத் திரையைத் தாண்டுவதற்காகச் சேர்த்த ‘நோமோட்செட்’ என்ற பூட் விருப்பத்தை எடுக்க மறந்துவிடுவது. அந்தச் சொல் கிராபிக்ஸ் டிரைவரை வேலை செய்யவிடாமல் தடுக்கும். இல்லையென்றால் ஃபர்ம்வேர் தொகுப்பு இல்லாமல் இருக்கலாம், அல்லது சிப் புதிதாகவும் கர்னல் பழையதாகவும் இருக்கலாம். மூன்றுமே சரிசெய்யக்கூடியவை, மூன்றுக்கும் வீடியோ மெமரிக்கும் சம்பந்தமில்லை.

பெயர் சரியாக இருந்தும் கணினி உறைந்து உறைந்து விழிக்கிறதென்றால், ராம் முழுவதுமே தீர்ந்துபோகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் துப்பறியும் வேலை இருக்கிறது. கிராபிக்ஸுக்குப் போன பக்கங்கள் அந்தந்த நிரலின் சொந்தக் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை. இன்டெல் டிரைவரில் அவை ஃப்ரீ கட்டளையின் ‘ஷேர்டு’ என்ற பத்தியில் போய் ஒளிந்துகொள்கின்றன. ராம் முற்றிலும் தீர்ந்து, கர்னல் எந்த நிரலையாவது கொன்றாக வேண்டும் என்று வரும்போது, அது ஒவ்வொரு நிரலின் சொந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலியைத் தேர்ந்தெடுக்கிறது. ஆக, நூற்றுக்கணக்கான எம்பியைக் கிராபிக்ஸாக விழுங்கிய நிரல் சாதுவாகத் தெரியும். பக்கத்தில் கணக்கை ஒளிக்காமல் வைத்திருந்த அலுவலக ஆவணம் சேமிக்கப்படாமலே சாகும். அண்மைக் கர்னல்கள் ஒவ்வொரு நிரலின் கிராபிக்ஸ் செலவையும் தனியே எழுதிவைக்கின்றன. என்விடாப் போன்ற கருவி அதைப் படித்து, யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும். பெரும்பாலும் முதலிடம் பிரவுசருக்குத்தான். இதில் யாருக்கும் வியப்பு இருக்காது.

ஏஎம்டி சிப்களில் கதை சற்று வேறு. அங்கே பயாஸ் ஒதுக்கியது ‘விராம்’ என்றும், அட்டவணை வழியே வருவது ‘ஜிடிடி’ என்றும் இரண்டாகப் பிரித்தே டிரைவர் பேசுகிறது. கர்னல் பதிவில் ‘512எம் விராம் தயார்’ என்று ஒரு வரியும், ஜிடிடிக்குப் பல மடங்கு பெரிய எண்ணோடு இன்னொரு வரியும் இருக்கும். இப்போதைய கர்னல்களில் ஜிடிடியின் எல்லை வழக்கமாக ராமில் பாதி. இரண்டும் ஒரே ராம் குச்சியில்தான் இருக்கின்றன, வேகத்தில் பெரிய பேதமில்லை. ஆனால் விளையாட்டுகளுக்கு இது தெரியாது. சில விளையாட்டுகள் விராம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ‘போதாது’ என்று அடம்பிடிக்கும். லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் பயாஸில், மொத்த 16 ஜிபியில் 1 ஜிபிக்குப் பதில் 4 ஜிபியை ஒதுக்க ஒரு தெரிவு இருப்பது இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்குக் கைகொடுக்கிறது. அந்தக் கருவியில் பின்னணியில் பெரிதாக வேறு எதுவும் ஓடாது. எனவே கொடுத்தாலும் நஷ்டமில்லை. அதே யோசனையை 8 ஜிபி அலுவலக லேப்டாப்புக்கு எடுத்துவந்தால் மருந்தைப் பார்த்து நோயாளியை மறந்த வைத்தியம் ஆகிவிடும்.

இடப் பிரச்சினையைவிட அதிகம் கவனிக்கப்படாதது வழிப் பிரச்சினை, அதாவது ராமிலிருந்து நொடிக்கு எவ்வளவு படிக்க முடியும் என்பது. டிடிஆர்4 3200 வகை ராம் ஒரு சேனலில், அதாவது ஒரு பாதையில், நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரும். இரண்டு 4கே திரைகளை மாட்டினால் வெறும் காட்சிக்கே நொடிக்கு 4 ஜிகாபைட் போகும். ஒரு கோடுகூட வரையவில்லை, அதற்குள் ஆறில் ஒரு பங்கு காலி. ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி குச்சிகளைப் போட்டால் இடம் அதேதான், இரண்டு சேனலும் வேலை செய்வதால் வழி மட்டும் இரட்டிப்பாகும். இன்டெல் தன் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸை இரண்டு சேனல் ராம் இருந்தால்தான் அந்தப் பெயரில் அழைக்க அனுமதிக்கிறது; ஒரு சேனல் என்றால் அதே சிப் வெறும் யூஹெச்டி. பயாஸில் எண்ணைக் கூட்டிப் பார்த்து ஏமாந்தவர்களில் பலருக்கு, பின்மூடியைக் கழற்றிக் காலியாக இருக்கும் இரண்டாவது ராம் இடத்தை நிரப்புவதே உண்மையான மருந்து.

ஏளனமாகப் பார்க்கப்பட்ட இந்தப் பகிர்வை இப்போது தேடிப் போய் வாங்குகிறார்கள். செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்ட விரும்புவோருக்குப் பிரமாண்டமான வீடியோ மெமரி வேண்டும். அந்த அளவில் தனி கார்டு வாங்கச் சொத்தை விற்க வேண்டும். 2025இல் ஏஎம்டி அறிமுகப்படுத்திய ரைசன் ஏஐ மேக்ஸ் வரிசை சிப்களுடன் 128 ஜிபி வரை ராம் வருகிறது. பயாஸ் வழியாக அதில் 96 ஜிபி வரை கிராபிக்ஸுக்கு நிரந்தரமாக ஒதுக்கலாம். லினக்ஸ்காரர்கள் செய்வது நேரெதிர். பயாஸில் 512 எம்பியை மட்டும் விட்டுவிட்டு, கர்னலுக்கு ‘பேஜஸ்லிமிட்’ என்ற ஓர் எண்ணைக் கொடுத்து ஜிடிடியின் எல்லையை 100 ஜிபிக்கும் மேலே தூக்கிவிடுகிறார்கள். அந்த எண் 4 கேபி பக்கங்களில் எண்ணப்படுவது. உதாரணமாக, 12 ஜிபிக்கு 31,45,728 என்று கொடுக்க வேண்டும். மாதிரி ஓடும்போது அந்த ராம் கிராபிக்ஸுடையது. நிறுத்தினால் மறுபடி எல்லோருக்கும் பொது. கணக்கீட்டு வேலைக்கு விராம் கேட்டால், சிறிய ஒதுக்கீடு உள்ள சிப்களில் ஜிடிடியிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் மாற்றம் 2024 ஜூலையில் வந்த 6.10 கர்னலில் சேர்ந்தது. அதற்கு முன்பு அத்தனை ராமும் கண்ணெதிரே இருந்தும் பயாஸ் ஒதுக்கிய சிறு அளவிலேயே முட்டி நிற்க வேண்டியிருந்தது. 845ஜி காலத்து 892 கேபியின் அண்ணன் என்றே அதைச் சொல்லலாம்.

இடம் கிடைத்துவிட்டது. வழி? அந்தச் சிப்பின் நினைவகப் பாதை நொடிக்கு 256 ஜிகாபைட். மொழி மாதிரிகளில் பல, ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் தங்கள் எடைகள் எனப்படும் எண்கள் அத்தனையையும் ஒருமுறை படித்தாக வேண்டும். அப்படிப்பட்ட 40 ஜிபி அளவுள்ள ஒரு மாதிரி என்றால் நொடிக்கு அதிகபட்சம் ஆறு சொல்துண்டுகள். ஒதுக்கீட்டை 96 ஜிபி ஆக்கினாலும் அதே ஆறுதான்.